சொந்தமா லேபிள் (மியூசிக் வெளியிடற கம்பெனி) ஆரம்பிக்கலாமா, இல்ல டெமோ அனுப்பிட்டே இருக்கலாமா? டெட்ராய்ட் டெக்னோ டிஜே ஜெஃப் மில்ஸ் கதை தெரிஞ்சவங்க வாங்க

தூங்காத_சிந்த்:
மக்களே, 4 வருஷமா ரூம்ல உக்காந்து டெக்னோ ட்ராக் பண்ணிட்டிருக்கேன். 100க்கு மேல இருக்கு, அதுல ஒரு 12 தேறும். லேபிள்களுக்கு டெமோ அனுப்பி அனுப்பி அலுத்துப்போச்சு, பாதி பேர் பதிலே போடறதில்ல, போட்டாலும் "செமயா இருக்கு ப்ரோ, ஆனா எங்க சவுண்டுக்கு செட் ஆகாது"னு ஒரே பாட்டு. பேசாம நாமளே ஒரு லேபிள் போட்ரலாமான்னு தோணுது. ஜெஃப் மில்ஸ் 92ல ஆக்சிஸ்னு சொந்த லேபிள் ஆரம்பிச்சு இன்னிக்கு வரைக்கும் தன் கைலயே வச்சிருக்காரே, அவரு எப்படி சமாளிச்சாரு? அது வேற காலம்னு மட்டும் சொல்லாதீங்க, அது எனக்கே தெரியும்.

ஓட்டை_வூஃபர்:
மில்ஸ் கதைய எல்லாரும் 92ல இருந்துதான் ஆரம்பிக்கிறீங்க, பிரச்சனையே அங்கதான். அதுக்கு முன்னாடி 80கள் பூரா அந்தாளு டெட்ராய்ட் ரேடியோல "த விசார்ட்"ங்கிற பேர்ல மிக்ஸ் பண்ணிட்டிருந்தாரு. எந்த ட்ராக்குக்கு ஊர் ஆடுது, எதுக்கு ஆடலைன்னு வருஷக்கணக்கா காதால பாத்த ஆளு. அப்புறம் 89ல மைக் பேங்க்ஸோட சேந்து அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்னு ஒரு குழுவும் லேபிளும் ஆரம்பிச்சாரு, கொஞ்ச நாள்ல ராபர்ட் ஹூட்டும் வந்து சேந்தாரு. மூஞ்சிய காட்டமாட்டோம், பெரிய கம்பெனி பக்கம் போகமாட்டோம், எல்லாத்தையும் நாங்களே பாத்துக்கறோம்னு நின்னாங்க. அங்க லேபிள் வேலை எல்லாம் கத்துக்கிட்டு, அப்புறம் வெளிய வந்து நியூயார்க் போயி லைம்லைட் கிளப்ல ரெசிடென்ட் டிஜேவா (அங்கயே நிரந்தரமா) வாசிச்சுக்கிட்டுதான் ஆக்சிஸ் தொடங்கினது. புரியுதா, வருமானம் ஒரு பக்கம், லேபிள் ஒரு பக்கம்.

இன்னொண்ணு, உன் கேள்வியே "இதுவா அதுவா"ன்னு இருக்கு பாரு, அவரு ரெண்டையும் பண்ணாரு. சொந்த லேபிள் கைல இருக்கும்போதே வேவ்ஃபார்ம் ட்ரான்ஸ்மிஷன் ஆல்பத்த பெர்லின் ட்ரெசார் லேபிளுக்குக் குடுத்தாரு, முதல் வால்யூம் 92, மூணாவது 94 (நடுவுல ரெண்டாவது ஹூட் பண்ணது, இத நிறைய பேர் மாத்தி சொல்லுவாங்க). ட்ரெசாரோட கிளப்பு, யூரோப் ஆடியன்ஸ் எல்லாம் அதுல வந்துச்சு. தன் இஷ்டத்துக்கு பண்ற 12 இஞ்ச் ரெக்கார்டு ஆக்சிஸ்ல. 96ல டிஜேங்களுக்கான டூல் ட்ராக்குக்கு (மிக்ஸ்ல சேத்துக்கறதுக்குன்னே பண்ற ட்ராக்) மட்டும் பர்ப்பஸ் மேக்கர்னு தனியா பிரிச்சுட்டாரு. ஸோ உன் 12ல 4 மட்டும் எடுத்து உன் லேபிள்ல போடு, மீதிய அனுப்பிட்டே இரு.

கீறல்_ரெக்கார்டு:
மேல சொன்னது சரிதான், ஆனா எனக்கு ஆக்சிஸ்னாலே ஞாபகம் வர்றது வேற. ரெக்கார்டு தட்டையே வச்சு விளையாடுவாரு மனுஷன். லாக்டு க்ரூவ் கேட்டிருக்கியா? நார்மலா ரெக்கார்டுல பள்ளம் சுருள் மாதிரி உள்ள போயிட்டே இருக்கும்ல, இதுல ஒரே வட்டமா மூடிருவாங்க, ஊசி அங்கயே சுத்திட்டே கிடக்கும், நீ கைய வச்சு எடுக்கற வரைக்கும். 33⅓ ஆர்பிஎம்ல ஒரு சுத்துக்கு 1.8 செகண்ட். அதுக்குள்ள சரியா 4 பீட் உக்காரணும்னா டெம்போ 133.33 (நிமிஷத்துக்கு அத்தனை பீட்) இருக்கணும், கொஞ்சம் பிசகுனாலும் ஒவ்வொரு சுத்துக்கும் நொண்டும். இத டெட்ராய்ட்ல வெட்டிக் குடுத்தவரு ரான் மர்ஃபி, நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷன்னு வச்சிருந்தாரு, பழைய மெஷின், பொறுமையான கை. 92ல மில்ஸ், பேங்க்ஸ், ஹூட் மூணு பேரும் எக்ஸ் 102ங்கிற பேர்ல சனி கிரகத்தோட வளையத்த வச்சு ஒரு ஆல்பம் பண்ணாங்க, அதுல பள்ளத்தோட இடைவெளியையே வளையம் மாதிரி அமைச்சிருப்பாங்க. பெரிய கம்பெனில போயி இப்படி கேட்டிருந்தா வாசலோட அனுப்பியிருப்பான். சொந்த லேபிள்னா எனக்கு அதான், கிறுக்குத்தனத்துக்கு யார்கிட்டயும் பர்மிஷன் கேக்கத் தேவையில்ல.

பழைய_கடன்காரன்:
கிறுக்குத்தனம்லாம் ஓகே தம்பி, நான் ஒரு லேபிள் நடத்தி மூடினவன், என் பங்குக்கு கொஞ்சம் கசப்ப சொல்றேன். 300 காப்பி அடிச்சு ஒரு டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட குடுத்தேன், பேர் வேணாம். வித்துருச்சுன்னு சொன்னான், கணக்கு அடுத்த மாசம்னான், அடுத்த மாசம் ஆபீஸையே மூடிட்டான். மாடில இன்னும் காலி அட்டை உறை 2 பெட்டி இருக்கு, தட்டு ஒண்ணு கூட இல்ல. டெட்ராய்ட்காரங்க சப்மெர்ஜ்னு சொந்தமா டிஸ்ட்ரிபியூஷனே வச்சதுக்குக் காரணம் அப்பதான் எனக்கு உறைச்சுது.

அப்புறம் பேப்பர் வேலை. மாஸ்டர் (ரெக்கார்ட் பண்ண ஒலியோட உரிமை) வேற, பப்ளிஷிங் (கம்போசிஷனோட உரிமை) வேற, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத. 99ல அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ்ல ரோலாண்டோ பண்ண நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார் கிளப்ல எல்லாம் பிச்சுக்கிட்டு போச்சு. பெரிய கம்பெனி லைசென்ஸ் கேட்டா இவங்க குடுக்கல. மாஸ்டர் கிடைக்கலன்னா என்ன, அச்சு அசலா அதே மாதிரி வேற ஆள வச்சு ரெக்கார்ட் பண்ணிட்டாங்க! ரசிகர்கள் மெயிலா அனுப்பி சண்டை போட்டாங்க, அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸும் தங்க ஆட்கள வச்சே ரீமிக்ஸ் இறக்கினாங்க. அதனால ட்ராக் வெளிய விடறதுக்கு முன்னாடியே கம்போசிஷன உன் பேர்ல பதிவு பண்ணு, ஃப்ரெண்டோட சேந்து பண்ணதுன்னா யாருக்கு எத்தனை பர்சென்ட்னு எழுதி கையெழுத்து வாங்கிக்கோ. நட்புக்குள்ள என்ன எழுத்துன்னு நானும் கேட்டவன்தான், இப்ப அவன் என் போன எடுக்கறதில்ல.

ஓட்டை_வூஃபர்:
@பழைய_கடன்காரன் அண்ணே பயமுறுத்தாதீங்க, அவன் முதல்ல டிஜிட்டல்லதான் போடப்போறான், 300 காப்பி எல்லாம் அப்புறம்.

பழைய_கடன்காரன்:
டிஜிட்டல்லயும் கணக்கு கணக்குதான் தம்பி.

தூங்காத_சிந்த்:
எல்லாருக்கும் தேங்க்ஸ். 4 ட்ராக் எடுத்து வச்சிட்டேன், டிஜிட்டல்ல போட்டுட்டு மீதிய அனுப்பறேன். ஒரு ட்ராக்ல ஃப்ரெண்டு பேஸ்லைன் போட்டிருக்கான், இன்னிக்கே அவன்கிட்ட பேசிடறேன், கூச்சமாத்தான் இருக்கு. ஆனா அந்த லாக்டு க்ரூவ் மேட்டர் தலைக்குள்ளயே சுத்துது, என்னிக்காவது பிரஸ் பண்ணா ஒண்ணாவது வைக்கணும். என் ட்ராக் எல்லாமே 136, அப்ப அவ்ளோதானா?

கீறல்_ரெக்கார்டு:
ஏன் அவ்ளோதான்? லூப்ப மட்டும் 133.33க்கு எறக்கி வெட்டு. வாசிக்கும்போது டர்ன்டேபிள் பிட்ச்ச (வேகத்த கூட்டிக் குறைக்கற கன்ட்ரோல்) +2%ல வை, 136 வந்துரும்.