பின் டயரில் வாரத்துக்குப் பத்து பாயின்ட் காற்று இறங்குகிறது, பஞ்சர் இல்லை என்கிறார்கள்

கேள்வி

வணக்கம். கோபிசெட்டிபாளையத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து தினமும் காலையில் டீக்கடைகளுக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுகிறேன். என்னுடையது 100 சிசி வண்டி. ஸ்போக் வீல், டியூப் போட்ட டயர். பின்புறம் இருபக்கமும் 20 லிட்டர் கேன் ஒவ்வொன்று தொங்கும்.

ஒன்றரை மாதமாகப் பின் டயரில் காற்று நிற்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை 28 வைத்தால் அடுத்த சனிக்கிழமைக்குள் 18க்கு இறங்கிவிடுகிறது. கேனை மாட்டியதும் டயர் பிதுங்கிக்கொண்டு நிற்கிறது. இரண்டு பஞ்சர் கடைகளில் டியூபைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முக்கிப் பார்த்தும் ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டாவது கடைக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று வால்வு பின்னையும் (வால்வுக்குள் இருந்து காற்றை அடைக்கும் சிறு ஊசி) மாற்றிக் கொடுத்தார். அப்படியும் காற்று இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

எவ்வளவு வைக்க வேண்டும் என்பதிலும் எனக்குத் தெளிவில்லை. செயின் கவரில் உள்ள ஸ்டிக்கரில் முன் 1.75, பின் 2.00, இருவர் சென்றால் பின் 2.80 என்று அச்சிட்டிருக்கிறார்கள். பங்கில் காற்றடிக்கும் தம்பி கேட்காமலேயே 30க்கு 40 வைக்கிறார். நான் ஒருவன்தான் ஓட்டுகிறேன் என்பதால் 28 போதும் என்று சொல்லி வந்திருக்கிறேன். சித்திரை வெயிலில், பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது பங்கில் பார்த்தால் 31, 32 என்று காட்டும். டயர் வெடித்துவிடுமோ என்ற பயத்தில் கூடுதலைப் பிடுங்கிவிட்டு 28க்குக் கொண்டுவருவேன். இதில் ஏதாவது தவறு இருக்கிறதா?

பதில் 1

முதலில் அளவைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். உங்கள் ஸ்டிக்கரில் இருப்பது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கு. பங்கில் காட்டுவது பி.எஸ்.ஐ., அதாவது சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு; நாம் பாயின்ட் என்று சொல்வது இதைத்தான். முன்னதை 14.22ஆல் பெருக்கினால் பின்னது கிடைக்கும். ஆகவே முன் டயருக்கு 25, பின் டயருக்கு ஒருவர் மட்டும் சென்றால் 28, இருவர் சென்றால் 40. பங்கில் இருப்பவர் பின்னால் 40 வைத்தது உங்கள் வண்டிக்குப் பொருந்தவே செய்கிறது. முன்னால் 30 என்பதுதான் அதிகம்.

நீங்கள் தனியாக ஓட்டுவதாக நினைக்கிறீர்கள். நாற்பது லிட்டர் பால் என்பது 41 கிலோ, கேன்களையும் சேர்த்தால் ஐம்பதை நெருங்கும். டயரைப் பொறுத்தவரை உங்களுக்குப் பின்னால் ஓர் ஆள் தினமும் உட்கார்ந்து வருகிறார்.

ஸ்டிக்கரில் உள்ள எண் குளிர்ந்த டயருக்கானது. வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நிழலில் நின்ற பிறகு, ஓட்டத் தொடங்கும் முன் பார்க்க வேண்டும். டயரின் வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் 28 என்பது ஏறத்தாழ ஒன்றரை பாயின்ட் ஏறிவிடும் என்பதால், சுமையோடு ஓடி வந்த டயர் 31, 32 காட்டுவதில் வியப்பு எதுவும் இல்லை. அப்போது காற்றைப் பிடுங்கினால் மறுநாள் காலையில் அது 24, 25ஆகத்தான் இருக்கும். வெயிலில் டயர் வெடிக்கும் என்று காற்றைக் குறைப்பது நம் ஊரில் பரவலான பழக்கம். ஆனால் காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்வதால் அதுதான் கூடுதலாகச் சூடாகிறது.

பதில் 2

நைட்ரஜன் நிரப்பிப் பாருங்கள், எளிதில் இறங்காது. இல்லாவிட்டால் டியூபுக்குள் ஊற்றும் பஞ்சர் திரவம் கடைகளில் கிடைக்கிறது.

பதில் 3

ஐயா, பேருந்துப் பணிமனையில் டயர் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது. ஓட்டை இருக்கும் டியூபுக்கு எதை நிரப்பினாலும் அது வெளியேதான் போகும். நல்ல டியூபில்கூட மாதத்துக்கு ஓரிரு பாயின்ட் ரப்பர் வழியாகவே கசிந்து குறையும், அது இயல்பு. வாரத்துக்குப் பத்து என்றால் நிச்சயம் ஓர் ஓட்டை இருக்கிறது.

பால்காரத் தம்பிக்கு ஒரு கேள்வி. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். வால்வு, ரிம் துளையில் அச்சை நோக்கி நேராக நிற்கிறதா, ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா? அதன் அடியில் ரிம்மை ஒட்டி உள்ள நட்டை முறுக்கி இறுக்கி வைத்திருக்கிறார்களா?

கேள்வி கேட்டவர்

இப்போதுதான் போய்ப் பார்த்தேன், ஐயா. சாய்ந்துதான் இருக்கிறது; பக்கத்தில் உள்ள ஸ்போக் கம்பியைத் தொடுகிற அளவுக்குச் சாய்வு. நட்டு ரிம்மோடு இறுகிக் கிடக்கிறது, கையால் திருக முடியவில்லை. வால்வு வாயில் எச்சில் தொட்டு வைத்தும் பார்த்தேன், எச்சில் அசையவில்லை.

பதில் 3

அப்படியானால் கசிவு வால்வு பின்னில் இல்லை, வால்வு டியூபோடு சேரும் அடியில் இருக்க வாய்ப்பு அதிகம். டயரை ரிம்மோடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். அது குறைந்து, மேலே சுமையும் இருந்தால், கியரில் இழுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் டயர் ரிம்மின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். டியூபும் அதோடு நகரும். வால்வு மட்டும் துளையில் மாட்டிக்கொண்டிருப்பதால் நகர முடியாமல் சாயும். நட்டு இறுகியிருந்தால் சாயவும் இடமில்லாமல் அடி ரப்பர் கிழியத் தொடங்கும். சித்திரையில் நீங்கள் பிடுங்கிவிட்ட காற்றிலிருந்தே இது தொடங்கியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

தொட்டியில் ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். டியூபை வெளியே எடுத்ததும் வால்வின் மேலிருந்த இழுப்பு போய்விடுகிறது, கீறல் தானாக மூடிக்கொள்கிறது. வெளியே வைத்து அதிகக் காற்றும் அடிக்க முடியாது. ரிம் துளையில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் இங்கே பயன்படாது. உள்ளே எங்கே ஓட்டை இருந்தாலும் காற்று அந்தத் துளை வழியாகவும் ஸ்போக் நிப்பிள் வழியாகவும்தான் வெளியே வரும். டியூபைக் கழற்றச் சொல்லி, வால்வை நான்கு பக்கமும் நன்றாக வளைத்துப் பிடித்தபடி, அந்த அடிப்பகுதியை மட்டும் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். கீறல் இருந்தால் ஒட்டுப் போட வேண்டாம், நிற்காது. பஞ்சர் திரவமும் அங்கே உதவாது. புது டியூபுதான் வழி. மாட்டும்போது அந்த நட்டை ரிம்மோடு இறுக்க விடாதீர்கள். மேலே ஏற்றி மூடியோடு சேர்த்து நிறுத்தினால், பிற்பாடு டயர் நழுவினாலும் வால்வு சாய்ந்து உங்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி கேட்டவர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அதே இரண்டாவது கடைக்குப் போய், நீங்கள் சொன்னபடி வளைத்துப் பிடிக்கச் சொன்னேன். நேராகப் பிடித்தபோது ஒன்றும் இல்லை. வலப்பக்கம் சாய்த்ததும் வால்வின் அடியில் கடுகு கடுகாகக் குமிழிகள் வரிசையாக ஏறின. துடைத்துப் பார்த்தால் நகக்கீறல் போல அரைவட்டத்தில் ஒரு கோடு. கடைக்காரரே வாயடைத்துப் போனார். டயரைக் கவிழ்த்துத் தட்டியபோது உள்ளேயிருந்து மைபோலக் கறுப்புத் தூளும் கொட்டியது.

புது டியூப் போட்டு, பேனா போன்ற சிறிய கேஜ் ஒன்றும் வாங்கிக்கொண்டேன். பங்க் மீட்டருக்கும் இதற்கும் இரண்டு பாயின்ட் வேறுபடுகிறது; ஆனாலும் எப்போதும் இதை வைத்தே பார்க்கிறேன். விடியற்காலையில் கேன் மாட்டும் முன் பின்னால் 40 வைத்தேன், இன்று காலை 39 இருந்தது. வால்வு நேராக நிற்கிறது. காலிக் கேனோடு திரும்பும்போது மட்டும் வண்டி சற்றுக் குதிக்கிறது.

பதில் 3

குதிக்கட்டும், பாரம் ஏற்றும் பயணத்துக்குத்தான் காற்றை வைக்க வேண்டும். அந்தக் கறுப்புத் தூள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தம்பி. அது டயரின் உட்புற ரப்பர், காற்றில்லாமல் மடங்கி மடங்கி அரைபட்டது. அடுத்த முறை கழற்றும்போது பக்கச்சுவரின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள்; ரப்பருக்குள் இருக்கும் நூல் தட்டுப்பட்டால் மேலே பட்டன் (தரையைத் தொடும் ரப்பர் கட்டை) எவ்வளவு ஆழம் இருந்தாலும் அந்த டயரில் பால் கேன் ஏற்ற வேண்டாம்.