சினிமா நடிப்புக்குக் கதகளிப் பயிற்சி உதவுமா?

கொழிஞ்சாம்பாறை: குறும்படத்துல நடிக்கிறேனுங்க. பாலக்காட்டுல கதகளி வகுப்புல சேரலாமான்னு யோசனை. "மூஞ்சியில பாவனை பெருசாயிரும், கேமராவுக்கு ஆகாது"ங்கறாங்க. வருசக்கணக்கா படிக்க நேரமில்லைங்க.

நடுப்புணி: முழுப் படிப்பு வேண்டாங்க, கண் சாதகம், அதாவது கண்ணுக்கான பயிற்சி, அதை மட்டும் கேளுங்க. சம்மணம் போட்டு உக்காந்து, கழுத்தும் புருவமும் அசையாம, கருவிழியை மேல கீழ, இடம் வலம், மூலைக்கு மூலை, அப்பறம் வட்டம். மெதுவா, நடுத்தரமா, வேகமான்னு மூணு காலத்துலயும் செய்யணும். வேகம் ஏறுனா தாடை இறுகும், மூச்சு நின்னுரும். அப்ப முதல் காலத்துக்கே திரும்பணும். கண்ணுல நெய் விடறதெல்லாம் ஆசான் பக்கத்துல இருந்தா மட்டும்.

கேரளத்துப் பழைய சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்துல கைலாசோத்தாரணம் பாருங்க, ராவணன் கைலாய மலையைத் தூக்கற காட்சி. ராவணன் எதிர்ல மலையே கிடையாது. பார்வையை அடிவாரத்துல ஊனி, கொஞ்சங்கொஞ்சமா உச்சிக்கு ஏத்தி, அப்பறம் அகலத்தை அளப்பாங்க. நடுவுல பார்வை கிட்டத்துக்கு வந்துட்டா மலை போச்சு. சினிமாவுல எதிர்ல ஆளில்லாம, ஸ்டாண்டுல ஒட்டுன டேப்பைப் பார்த்து வசனம் பேசறதும் இதே வேலைதானுங்க.

வாளையார்: மூஞ்சி பெருசாகுங்கறது பாதி நிசம். மூஞ்சியைச் சுத்தி வெள்ளை விளிம்பா சுட்டி கட்டி, விளக்கு வெளிச்சத்துல தெரியறதுக்கான அளவு அது. போனை மூணடி தள்ளி வெச்சு ஒரே ரசத்தை, அதாவது ஒரே உணர்ச்சியை, முழுசா, பாதியா, கடைசியா புருவம் தூக்காம கண்ணும் மூச்சும் மட்டும் வெச்சு எடுங்க. கடைசி டேக் வெறிச்சுன்னு இருந்தா மூச்சுல இன்னும் வேலை பாக்கி. கதகளியில பாதத்தோட வெளி விளிம்புல நிக்கறது நடையிலயும் ஒட்டிக்கும், அதையும் கவனிங்க.

குப்பம்: குரலை யாருமே பேசலையே? கதகளியில நடிகர் வசனமே பேசறதில்ல, பின்னால பொன்னானியும் (முதல் பாடகர்) சிங்கிடியும் (துணைப் பாடகர்) பாடுவாங்க. கூடியாட்டத்துல பேசலாம், ஆனா பெரும்பாலும் சமஸ்கிருதம், அதுவும் ஸ்வரத்துல இழுத்து. தமிழ் வசனத்துக்கு எங்க பக்கத்துத் தெருக்கூத்துதான் சரி. பாட்டு முடிஞ்ச கையோட கிறுக்கிங்கற சுழல் அடவு சுத்தி, நின்ன இடத்துலயே வசனம் எடுக்கணும். வயித்துல மூச்சு நிக்காம தொண்டையில கத்துனா, விடியறதுக்குள்ள குரல் கம்மிரும்.

கொழிஞ்சாம்பாறை: கண் சாதகம் மட்டும் தனியா சொல்லித் தருவாங்களாங்க?

நடுப்புணி: கதகளி சொல்லித் தர்ற களரியில கஷ்டந்தான், அடவுல இருந்து ஆரம்பின்னுதான் சொல்வாங்க. திருச்சூர் பக்கம் இரிஞ்ஞாலக்குடாவுல இருக்கற நடனகைரளிங்கற கலை மையத்துல நவரச சாதனைன்னு நடிகர்களுக்குன்னே குறுகிய காலப் பயிற்சி நடத்தறாங்க. அடுத்தது எப்பன்னு கேட்டுட்டு லீவு போடுங்க.