கெஸ்ட் வைஃபை இணைகிறது, ஐபி வரவில்லை. அவசரம்!

மாடிவீடு: வணக்கம். மாடியில் குடியிருப்பவர்களுக்குத் தனி வைஃபை கொடுக்கலாம் என்று ரூட்டரில் இரண்டாவது எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) ஒன்று போட்டேன். பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் ஏற்கிறது. அப்புறம் ஐபி (நெட்வொர்க்கில் போனுக்கான எண் முகவரி) வாங்குகிறேன் என்றே போன் நிற்கிறது. பழைய வைஃபை ஒழுங்காக ஓடுகிறது. சாயங்காலத்துக்குள் வேண்டும்.

பழையமோடம்: என்ன ரூட்டர்? அதில் ஓடும் மென்பொருள் கம்பெனி ஃபர்ம்வேரா, நாமே போடும் ஓப்பன்டபிள்யூஆர்டியா? வெர்ஷன்?

ஆன்டெனா: சேனலை 1, 6, 11 இல் ஒன்றாக மாற்றுங்கள். நான் பார்த்ததில் முக்கால்வாசி சேனல் தகராறுதான்.

கயல்நெட்: ஒரே ரேடியோவில் ஓடும் இரண்டுக்கும் சேனல் ஒன்றுதான் அண்ணா. பழையது ஓடுகிறது என்கிறாரே.

மாடிவீடு: ஓப்பன்டபிள்யூஆர்டி 23.05. இதெல்லாம் தேவையா?

ரூட்ராஜா: தேவையா என்று கேட்கிறீர்கள் பாருங்கள்! மாதத்துக்கு ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை. நெட்வொர்க், வயர்லெஸ், டிஎச்சிபி (ஐபி கொடுப்பது), ஃபயர்வால் (தடுப்பு விதிகள்), நான்கு செட்டிங்ஸ் கோப்பையும் ஒட்டுங்கள். பாஸ்வேர்டை எடுத்துவிட்டு.

பழையமோடம்: கெஸ்ட் இன்டர்ஃபேஸுக்கு என்ன ஐபி? லானும் (வீட்டு நெட்வொர்க்) அதுவும் 192.168.1.1 என்றால் ஓடாது.

மாடிவீடு: கெஸ்ட் 192.168.3.1. டிஎச்சிபி ஆன். ஃபயர்வாலில் கெஸ்ட்டுக்குத் தனி ஜோன், வானுக்கு (இன்டர்நெட் பக்கம்) ஃபார்வர்டிங் உண்டு. ரூட்டர் செட்டிங்ஸ் பக்கத்தை யாரும் நோண்டக் கூடாது என்று இன்புட், அதாவது ரூட்டருக்கே வருவது, ரிஜெக்ட்.

கயல்நெட்: அங்கேதான் மாட்டியிருக்கிறது. ஐபி கேட்டுப் போன் அனுப்புவதும் ரூட்டருக்குத்தானே வருகிறது, அதையும் சேர்த்துத் தடுத்துவிட்டீர்கள். ரிஜெக்ட் அப்படியே இருக்கட்டும். டிராஃபிக் ரூல்ஸில் கெஸ்ட் ஜோனிலிருந்து ரூட்டருக்கு, டிஎச்சிபிக்கான யுடிபி போர்ட் 67 ஐ அனுமதியுங்கள். தளப் பெயரை ஐபியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கு 53, டிசிபி யுடிபி இரண்டிலும். 53 ஐ அனுமதிக்க மறந்தால் ஐபி வரும், தளம் எதுவும் திறக்காது. சந்தேகமாக இருந்தால் போனில் 192.168.3.50, கேட்வே 192.168.3.1, டிஎன்எஸ் 8.8.8.8 என்று கையால் போட்டுப் பாருங்கள். நெட் வந்தால் குறை அந்த விதிதான்.

ரூட்ராஜா: இதற்குத்தான் கோப்பை ஒட்டச் சொன்னேன்.

ஆன்டெனா: இவ்வளவு தலைவலி எதற்கு? மாடிக்கு ஒரு பழைய ரூட்டரை வையுங்கள். ஒரு ரேடியோவில் இரண்டு பெயர் வைத்தால் வேகம் பாதியாகிவிடும்.

பழையமோடம்: பாதியெல்லாம் ஆகாது. கூடுதல் பெயருக்குக் கூடுதல் பீக்கன் (பெயரை அறிவிக்கும் சிக்னல்), வழக்கமாக 102.4 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஐந்தாறு பெயர் வைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் உறைக்கும். மாடிக்காரர் படம் இறக்கினால் எந்தப் பெயரில் இணைந்தாலும் வேகம் குறையத்தான் செய்யும்.

கயல்நெட்: பழைய ரூட்டரின் வான் போர்ட்டை வீட்டு லானில் செருகினால், மாடியிலிருந்து வீட்டு பிரிண்டர் வரை போய்விடலாம். பிறகு எதற்குத் தனி வைஃபை?

ஆன்டெனா: எங்கள் வீட்டில் பாதிதான் ஆனது. ஸ்பீட் டெஸ்ட் எடுத்தேன்.

ரூட்ராஜா: எந்த பேண்டில், 2.4 கிகாஹெர்ட்ஸிலா, 5 இலா? அப்போது வேறு யார் இணைந்திருந்தார்கள்?

ஆன்டெனா: அதையெல்லாம் யார் பார்த்தார்கள் சார்.

மாடிவீடு: 67, 53 போட்டேன். வந்துவிட்டது. நன்றி.

பழையமோடம்: கெஸ்ட்டில் இருந்தபடி 192.168.1.1 திறக்கிறதா என்றும் பாருங்கள். திறக்கக் கூடாது.

பழையமோடம்: பார்த்தீர்களா?

ஆன்டெனா: அவர் போய்விட்டார். ரூட்ராஜா சார், 5 கிகாஹெர்ட்ஸில் எடுத்தேன், இப்போதும் பாதிதான்.