எட்டுப் பந்து பூல்: போட்டி விதிகளைப் பற்றி அனுபவம் உள்ளோர் உதவ வேண்டும்

வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனி நண்பர்கள் சேர்ந்து எட்டுப் பந்து பூல் போட்டி ஒன்றை நடத்தவிருக்கிறோம். வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்துத் தன் பந்துகளை மேசைப் பாக்கெட்டுகளில் விழச்செய்து, கடைசியில் எட்டாம் எண் பந்தையும் விழச்செய்பவர் வெல்லும் ஆட்டம் இது. இம்முறை உலகப் பூல் பில்லியர்ட் சங்கத்தின் விதிகளைப் பின்பற்றலாம் என்று நான் சொன்னதும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

தகராறு பெரும்பாலும் பவுலை, அதாவது விதிமீறிய அடியைப் பற்றியதே. எங்கள் வழக்கப்படி வெள்ளைப் பந்து பாக்கெட்டில் விழுந்தால், எதிராளி அதைப் பிரேக் (ஆட்டத்தின் முதல் அடி) அடிக்கும் கோட்டுக்குப் பின்னால் வைத்துத்தான் அடிக்க வேண்டும். போட்டி விதியிலோ, வெள்ளைப் பந்து அடிப்பவருடைய பந்தைத் தொட்ட பிறகு எந்தப் பந்தும் பாக்கெட்டில் விழாமலும் குஷனை (மேசையின் ஓரத் தடுப்பை) தொடாமலும் நின்றுவிட்டால்கூட அது பவுல், எதிராளி வெள்ளைப் பந்தை மேசையில் விரும்பிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம். பந்தை மெல்லத் தட்டி மறைத்தே ஆட்டத்தை இழுப்பவர்கள்தாம் இதை அதிகம் எதிர்க்கிறார்கள் என்பது வேறு விஷயம். பிரேக்கிலேயே எட்டாம் பந்து விழுந்தால் வெற்றி என்ற எங்கள் வழக்கமும் அங்கே செல்லாது.

எட்டாம் பந்தைக் குறிவைக்கும்போது அது விழாமல் வெள்ளைப் பந்து மட்டும் விழுந்தால் தோல்வியன்று, வெறும் பவுல்தான் என்பதைப் பழைய ஆட்டக்காரர்களுக்கு எப்படிப் புரியவைத்தீர்கள்? நடுவர் இல்லாத மேசையில் பந்தையும் பாக்கெட்டையும் முன்கூட்டிச் சொல்லி அடிக்கும் விதியை எவ்வாறு நடைமுறைப்படுத்துகிறீர்கள்? கோவை, ஈரோடு பக்கம் போட்டி நடத்திய அன்பர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.