தீப்பிடித்த செய்தி உங்களுக்கு முதலில் யார் சொன்னார்கள்? – பெங்களூர்த் தமிழர்களின் அனுபவங்கள்

அல்சூர் வாசி

பிப்ரவரி பிறந்தாலே நம் ஆட்களின் வாட்ஸ்அப்பில் புகைப் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். ஒரு நாள் துரஹள்ளி, ஒரு நாள் நந்தி மலை, அப்புறம் பந்திப்பூர் புலிகள் காப்பகம். கூடவே ஒரு வரி இருக்கும்: "பயங்கரத் தீ, உடனே பகிரவும்." எந்த இடம், எந்தத் தேதி, யார் எடுத்த படம் என்று ஒரு விவரமும் இருக்காது.

ஆகவே ஒரே ஒரு கேள்வி. உங்கள் பக்கத்தில் பெரிய தீ வந்தபோது முதல் தகவல் யாரிடமிருந்து வந்தது? அது சரியாக இருந்ததா? அதை நம்பி என்ன செய்தீர்கள்? நடந்ததை மட்டும் எழுதுங்கள். எந்த ஆட்சி மோசம் என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம்.

இப்ளூர் மொட்டைமாடி

2018 ஜனவரி 19, வெள்ளிக்கிழமை. காலை பத்து மணி வாக்கில் பெல்லந்தூர் ஏரிக்குள் புகை கிளம்பியது. ஏரிக்குள் தீயா என்று ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். பெயர்தான் ஏரி. ஓரமெல்லாம் ஆள் உயரப் புல், ஆகாயத்தாமரை, யாரோ கொண்டுவந்து கொட்டிய குப்பை. தை மாத வெயிலில் எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து கிடக்கும். முந்தைய வருடம் பிப்ரவரியிலும் எரிந்ததுதான்.

எனக்கு முதலில் சொன்னது வீட்டு வேலைக்கு வரும் அக்கா. "மிலிட்டரிக்காரங்க எல்லாம் பக்கெட்டோட ஓடுறாங்க, ஜன்னலைச் சாத்து கண்ணு" என்றபடியேதான் உள்ளே வந்தார். ஏரியை ஒட்டி ராணுவத்தின் ஏஎஸ்சி (சப்ளை, போக்குவரத்துப் பிரிவு) மையம் இருக்கிறது. சுமார் 5,000 வீரர்கள் அன்று இறங்கினார்கள் என்று அப்புறம் செய்தியில் பார்த்தோம். ஃபயர் இன்ஜின்கள் வராமல் இல்லை, ஆனால் கரையில்தான் நிற்க முடிந்தது. உள்ளே சேறு, வண்டி இறங்கினால் புதைந்துவிடும். குழாய்த் தண்ணீர் நடு ஏரிவரை எட்டாது. அதனால்தான் மனிதர்கள் வாளியோடு நடக்க வேண்டியிருந்தது. மேலே அணைந்தது போலத் தெரிந்தாலும் அடியில் கனன்றுகொண்டே இருந்து, மறுநாளும் புகை வந்தது.

எங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷனின் "ஜன்னல்களை மூடி வைக்கவும்" அறிவிப்பு வந்தபோது மணி நான்கு. அதற்குள் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டையெல்லாம் கரும்புள்ளி. ஒரு டிவி சேனல் பழைய காட்சிகளையும் கலந்து ஓட்டியதில், திண்டுக்கல்லிலிருந்து அம்மா போன் பண்ணி "ஊரே எரியுதாமே" என்று அழுதார்.

அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது ரொம்பச் சின்ன விஷயம். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, பிள்ளையின் ஸ்கூல் வேன் எந்த வழியாக வரும், அவ்வளவுதான். அதைச் சொன்னது வேன் டிரைவர் அண்ணன் மட்டும்தான். "சர்ஜாபூர் ரோடு பக்கம் கண்ணே தெரியலம்மா, நான் சுத்தி வர்றேன், அரை மணி லேட்டாகும்." சொன்னபடியே வந்தார்.

எஜிபுரா குமாஸ்தா

அதே ஏரியில் 2015 மே மாதம் நுரையே தீப்பிடித்தது, ஞாபகம் இருக்கிறதா? நான் ஆபீஸில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. சாயங்காலம் பேப்பர்க்காரர்கள் படம் போட்ட பிறகுதான் நம்பினார்கள். வேறொன்றும் சொல்வதற்கில்லை.

கோரமங்களா மலையேறி

நான் எழுத வேண்டியது பந்திப்பூர், 2019. கொஞ்சம் நீளும்.

பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் பிடித்த தீ, கோபாலசுவாமி பெட்டா பக்கத்து மலைச்சரிவுகளில் ஏறிவிட்டது. நாங்கள் வாரக் கடைசியில் மலையேறுகிற கூட்டம், பாதி கன்னடக்காரர்கள், பாதி நம்மவர்கள். "ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், குண்ட்லுபேட்டைக்கு வரவும்" என்று ஒரு செய்தி வந்தது. பந்திப்பூர் காட்டுக்கு முன்னால் இருக்கும் ஊர் அது. கீழே ஒரு போன் நம்பர். அடித்தால் எப்போதும் பிஸி. கிளம்பிவிட்டோம்.

போன இடத்தில் ஒரு ஃபாரெஸ்டர் எங்களை வரிசையாக நிற்கவைத்து உடையைத்தான் முதலில் பார்த்தார். பருத்திச் சட்டை, முழுக்கை, தோல் பூட்ஸ் போட்டவர்கள் ஒரு பக்கம். ஸ்போர்ட்ஸ் டி-ஷர்ட்காரர்கள் இன்னொரு பக்கம். பாலியஸ்டர் சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்றார். எங்களில் பாதிப்பேர் அந்த நிமிடமே தண்ணீர் கேன் தூக்கும் வேலைக்கு மாற்றப்பட்டார்கள். மீதிப் பேரையும் தீயின் முன்னால் விடவில்லை. தீ கடந்துபோன இடத்தில், இன்னும் கனன்றுகொண்டிருக்கும் மரக்கட்டைகளைப் புரட்டி அணைக்கிற வேலை. சப்பென்று தோன்றியது. அப்புறம்தான் புரிந்தது, நேற்று அணைத்த தீ இன்று மறுபடி பிடிப்பது இந்த மிச்சத்திலிருந்துதான். காய்ந்த யானைச் சாணம் இருக்கிறதே, வெளியே சாம்பல் நிறமாகச் சாதுவாகக் கிடக்கும், உள்ளே மணிக்கணக்கில் நெருப்பு இருக்கும்.

பச்சைத் தழையால் அடிப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஓங்கி அடித்தால் பொறி பறந்து நமக்குப் பின்னால் விழும். அமுக்கி, எரிந்த பக்கமாக இழுக்க வேண்டும். வாட்ச்சர்கள், அதாவது வனத்துறையின் காட்டுக் காவலாளிகள், அதை ஒரு தாளத்தில் செய்தார்கள். காலில் ரப்பர் செருப்போடு நின்றவர்களும் இருந்தார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். உண்ணிச்செடிப் புதர் ஒன்று பற்றினால் அடுத்த நொடி ஆள் உயரத்துக்குத் தீ. பட்டுப்போன மூங்கில் புதர் வெடிக்கும் சத்தம் தூரத்திலிருந்தே கேட்கும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ரேஞ்ச் ஆபீஸ் வாசலில் ஒருவர் வாக்கி-டாக்கியோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் சரக வரைபடம். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை எழுந்து மூன்றே விஷயம் சொல்வார்: தீ இப்போது எந்த இடத்தில், நம் ஆட்கள் எங்கே, யாரும் போகக்கூடாத பக்கம் எது. கன்னடத்தில் சொல்லிவிட்டு, டிராக்டர் டிரைவர்களுக்காகத் தமிழிலும் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னார். "ஆ கடே இன்னூ சுத்தி பந்தில்லா", அந்தப் பக்கத்திலிருந்து இன்னும் தகவல் வரவில்லை. பெங்களூரில் எந்த டிவியும் எனக்கு இவ்வளவு உருப்படியாகச் சொன்னதில்லை.

அதே நேரத்தில் எங்கள் போன்களில் வந்தது வேறு. கருகிய குரங்கு, கருகிய முயல், குட்டியை அணைத்தபடி ஏதோ ஒரு விலங்கு. பல படங்கள் பந்திப்பூரே இல்லை, வேறு எங்கோ எப்போதோ எடுத்தவை என்று வனத்துறையினர் மறுக்க வேண்டியதாயிற்று. எரிகிற காட்டை விட்டுவிட்டு இதற்கும் ஆள் ஒதுக்க வேண்டும். பெரிய விலங்குகள் பெரும்பாலும் நகர்ந்துவிடும், மாட்டிக்கொள்வது ஆமையும் பாம்பும் தரையில் முட்டையிடும் பறவைகளும்தான் என்று ஒரு வாட்ச்சர் சொன்னார். அதை யாரும் ஃபார்வர்டு பண்ணப் போவதில்லை.

பிப்ரவரி 25 அன்று விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் கோயம்புத்தூர் பக்கத்துச் சூலூரிலிருந்து வந்தன. தொங்கும் வாளியில் தண்ணீர் அள்ளி, ஆள் ஏற முடியாத சரிவுகளில் கொட்டின. கோயம்புத்தூர் நண்பன் "எங்க ஊரு வண்டி" என்று அன்றிலிருந்து பெருமையடித்துக்கொண்டிருக்கிறான். பெருமைதான், ஆனால் அந்தத் தண்ணீர் தீயின் வேகத்தைத் தணிக்கும், அவ்வளவே. பின்னாலேயே ஆட்கள் ஏறிப்போய்த்தான் முடிக்க வேண்டும். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் போய்விட்டது.

கூடலூர் மருமகன்

அதே வாரம் நான் பஸ்ஸில் இருந்தேன், மாமனார் ஊருக்கு. குண்ட்லுபேட்டை தாண்டி வண்டியை நிறுத்திவிட்டார்கள். பந்திப்பூர் வழியாக இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள் என்பது இந்த ரூட்டில் போகிற எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் இரண்டு மணி நேரம் போய்விட்டால் அன்றைய ராத்திரியே போனது. கண்டக்டருக்கும் ஒன்றும் தெரியவில்லை, டெப்போவுக்குப் போன் போட்டால் அவர்கள் எங்களிடம் கேட்கிறார்கள்! கடைசியில் எதிரில் வந்த காய்கறி லாரி டிரைவர், ஈரோட்டுக்காரர், ஜன்னலோரம் நிறுத்திச் சொன்னார்: "புகைதான் ரோட்ல, தீ உள்ள தள்ளி இருக்கு. ஒவ்வொரு வண்டியா விடுறாங்க, லைட்டைப் போட்டுட்டு மெதுவா வாங்க." பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் அப்பாடா என்றோம். ஒன்பதுக்கு முன்னால் தாண்டிவிட்டோம்.

மாரத்தஹள்ளி கோடிங்

இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் மேப் பைத்தியம். நாசாவின் ஃபர்ம்ஸ் தளத்தில், செயற்கைக்கோள் கண்டுபிடிக்கும் தீப்புள்ளிகளை யார் வேண்டுமானாலும் மேப்பில் பார்க்கலாம். இந்திய வன அளவை நிறுவனம் அதே செயற்கைக்கோள் தகவலை எடுத்து எஸ்எம்எஸ் எச்சரிக்கையாக அனுப்புகிறது, பொதுமக்களும் பதிவு செய்துகொள்ளலாம். நான் பதிந்து வைத்திருக்கிறேன்.

ஆனால் அதைப் படிக்கத் தெரியாமல் பதறுகிறவர்கள் அதிகம். ஒரு சிவப்புப் புள்ளி என்றால் அந்தப் புள்ளியில் தீ என்று அர்த்தமில்லை. செயற்கைக்கோளில் சூட்டைப் பார்க்கும் கருவிகள் விர்ஸ், மோடிஸ் என்று இரண்டு. விர்ஸ் கருவியின் ஒரு கட்டம் 375 மீட்டர். மோடிஸ் கருவிக்கு ஒரு கிலோமீட்டர். அந்தக் கட்டத்துக்குள் எங்கோ சூடு இருக்கிறது, புள்ளியை நடுவில் வைக்கிறார்கள். செங்கல் சூளையும் கரும்புச் சோகை எரிப்பதும்கூட சில சமயம் புள்ளியாக விழும். இன்னொன்று, விர்ஸ் செயற்கைக்கோள்கள் நம் தலைக்கு மேல் வருவது ஏறக்குறைய மதியம் ஒன்றரைக்கும் நள்ளிரவு ஒன்றரைக்கும். மூன்று மணிக்குப் பிடித்த தீ அதில் ராத்திரிதான் தெரியும். அதற்கப்புறம் தகவல் நமக்கு வந்துசேர மூன்று மணி நேரம்வரை ஆகலாம். "மேப்பில் புள்ளி இல்லை, அணைந்துவிட்டது" என்று 2019-இல் எங்கள் ஆபீஸ் குரூப்பில் ஒருவர் அறிவித்தார். மேலே மலையேறி எழுதியிருக்கிறாரே, அதே சமயத்தில்.

மசினகுடி பேரன்

மேப் எல்லாம் சரி. முதுமலைப் பக்கம் என் மாமா வேட்டைத் தடுப்புக் காவலர். அவர்களுக்கு முதல் தகவல் மூக்குதான். காய்ந்த புல் எரிகிற புகையும் பச்சை எரிகிற புகையும் வேறு வேறாக வீசும் என்பார். கோபுரத்தில் இருப்பவர் புகையின் திசையைச் சொல்வார், இன்னொரு மேட்டில் இருப்பவர் தன் திசையைச் சொல்வார், இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு ஜீப் கிளம்பும்.

கோடைக்கு முன்னாலேயே தீத்தடுப்புக் கோடு போட்டு, புல்லை அவர்களே எரித்து வைத்துவிடுவார்கள். அது சரியாக நடந்த வருடத்தில் செய்தியே வராது, நாமும் எதையும் பகிரமாட்டோம்.

மலையேறி அண்ணன் போன்றவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த வாரம் உதவி என்று வந்த கார்களில் பல செல்ஃபி எடுக்க வந்தவை என்றுதான் மாமா காதுக்கு எட்டியது. 2017-இல் பந்திப்பூரில் கல்கெரே சரகத்தில் தீயணைக்கப் போன வனக்காவலர் ஒருவர் இறந்தே போனார். 2018 மார்ச்சில் குரங்கணி நம் எல்லோருக்கும் தெரியும், மலையேறப் போன இருபது பேருக்கும் மேல் காட்டுத்தீயில் இறந்தார்கள். புல் காடு எரியும்போது தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஏறும். மேலே ஓடித் தப்பிக்கலாம் என்று யாருக்கும் தோன்றக்கூடாது. எரிந்து முடிந்த கருப்புத் தரையில் கால் வைக்க முடிந்தால் அங்கே போய் நிற்கச் சொல்வார் மாமா.

யெலஹங்கா பெயிண்டர்

எல்லோரும் பந்திப்பூரையே சொல்கிறீர்கள். அதே வாரம், 2019 பிப்ரவரி 23, ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி பார்க்கிங்கில் காய்ந்த புல் பிடித்து சுமார் 300 கார்கள் போயின. நான் அன்றைக்கு அந்தப் பக்கம் ஒரு வீட்டுச் சுவரில் வேலையாக இருந்தேன். கரும்புகை பார்த்ததும் எல்லோரும் சொன்னது "பிளேன் விழுந்துடுச்சு". நாலு நாள் முன்னால்தான் விமானப்படையின் இரண்டு சூர்யகிரண் சாகச விமானங்கள் மோதி விழுந்திருந்தன, அதனால் நம்பவும் செய்தார்கள். என் ஓனரம்மாவின் மகன் ஷோவுக்குப் போயிருந்தான், போன் எடுக்கவில்லை. அந்த அம்மா வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். மைக்கில் பார்க்கிங் தீ என்று அறிவித்ததைக் கேட்டு அவனே யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டான். "அம்மா, நான் நல்லா இருக்கேன், காருதான் இல்லை."

ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்ததால் பணம் கிடைத்தது. தேர்டு பார்ட்டி மட்டும் போட்டிருந்தால் ஒன்றும் வந்திருக்காது.

அல்சூர் வாசி

யெலஹங்கா அண்ணன், நல்லவேளை. ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். காட்டுக்குள் புகை பார்த்தால் எந்த நம்பர்? 101-ஆ, 112-ஆ? அப்புறம், உதவி செய்ய நினைக்கிறவர்கள் போகாமலே என்ன செய்யலாம்?

கோரமங்களா மலையேறி

ஊருக்குள் என்றால் 112. கர்நாடகக் காடு என்றால் வனத்துறையின் 1926. கூப்பிடும்போது "பெரிய தீ சார்" என்று பதறாமல், எந்த ரோடு, எத்தனையாவது கிலோமீட்டர் கல், ரோட்டுக்கு இடதா வலதா, புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லுங்கள். போட்டோ எடுத்தால் தேதியும் இடமும் படத்துக்கு அடியிலேயே எழுதி அனுப்புங்கள்.

பொருள் அனுப்புவதென்றால் முதலில் ரேஞ்ச் ஆபீஸில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். அந்த வருடம் பிஸ்கட்டும் பிளாஸ்டிக் பாட்டிலும் மலையாகக் குவிந்தன, காட்டுக்குள் அந்தக் குப்பையை வேறு பொறுக்க வேண்டியிருந்தது. அவர்கள் கேட்டது ஓஆர்எஸ் பாக்கெட், டார்ச் பேட்டரி, பருத்தித் துண்டு, 8, 9 சைஸ் பூட்ஸ்.

மசினகுடி பேரன்

7 சைஸும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் நிறையப் பேருக்குச் சின்னக் கால்.