டூயல் மீட் வெற்றி சீடிங்கில் எவ்வளவு எண்ணப்படும்?

நண்பர்களே, அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தம் பார்ப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு விளக்கம் வேண்டும்.

டூயல் மீட்டில் இரண்டு கல்லூரிகள் 10 எடைப் பிரிவுகளில் மோதும். சாதாரண வெற்றிக்கு 3 புள்ளி, எதிராளியின் தோள்களை மெத்தையில் அழுத்திவிட்டால் 6. அதுவரை சரி. 2022 ஜனவரியில் பென் ஸ்டேட் அயோவாவை 19-13 என்று வென்றது. ஆனால் அந்த அணிக் கணக்கு மார்ச் மாத என்சிஏஏ (தேசியக் கல்லூரி சாம்பியன்ஷிப்) போட்டியில் செல்லாது. அங்கே ஒவ்வொரு எடையிலும் 33 பேரைத் தனித்தனியாக வரிசைப்படுத்துகிறார்கள்; அதுதான் சீடிங். நேருக்கு நேர் மோதிய முடிவு, வலுவான வீரர்களை வென்றது, பயிற்சியாளர்களின் தரவரிசை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள்.

என் குழப்பம் இதுதான். ஜனவரி டூயலில் ஒருவர் ஜெயிக்கிறார். மார்ச்சில், என்சிஏஏவுக்கு முன் நடக்கும் பிக் டென் (இந்தக் கல்லூரிகள் இருக்கும் கூட்டமைப்பு) இறுதிப் போட்டியில், ஜனவரியில் தோற்றவர் அவரைத் திருப்பி அடிக்கிறார். இப்போது யாருக்கு மேல் சீட்? பிந்தைய வெற்றிக்குக் கூடுதல் மதிப்பா, இல்லை 1-1 என்று இரண்டும் கழிந்துவிடுமா?

அப்புறம், காயம் என்று சொல்லி டூயலில் இறங்காமல் உட்கார்ந்துவிடுபவருக்குச் சீடிங்கில் அடி விழுமா? (சிலர் இதை வசதியாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது என் சந்தேகம்.) விதி தெரிந்தவர்கள் ஓர் உதாரணத்தோடு சொல்லுங்களேன்.