புதுப்பிப்பு: இங்கிலாந்தில் ஆஸ்டியோபதி படிக்கலாமா என்ற கேள்விக்கு

பிசியோதெரபியா, ஆஸ்டியோபதியா (மூட்டு, தசை, முதுகு வலிகளுக்குக் கையாலேயே சிகிச்சை தரும் முறை) என்று நான் குழம்பிக் கேட்டபோது பொறுமையாகப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆஸ்டியோபதியில் சேர்ந்துவிட்டேன், நான்கு வருட முழுநேரப் படிப்பு.

முடிவெடுக்க உதவியது, கல்லூரியின் பயிற்சி கிளினிக்குக்கு நோயாளியாகவே போய்ப் பாருங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான். ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்தான் பார்க்கிறார். முதுகைத் தொடுவதற்கு முன்பே வேலை, தூக்கம், பழைய அடி என்று நெடுநேரம் விசாரித்தார், ஒரு ஆளை முழுசாகக் கேட்டுவிட்டுக் கையாலேயே சிகிச்சை தரும் இந்த வேலைதான் எனக்கு வேண்டும் என்று அங்கேயே தெளிவாகிவிட்டது.

எதிர்பாராத விஷயம்: படித்து முடித்தால் பெரும்பாலும் சுயதொழில்தான், பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ்-இல் சம்பள வேலை அரிது. வகுப்பில் பலர் இந்தச் சுதந்திரத்துக்காகவே வேறு வேலையை விட்டு வந்திருக்கிறார்கள், தன் முதுகுவலி குணமானதால் வந்தவர்களும் உண்டு. எனக்கு வருமானம் பற்றிய பயம் இன்னும் போகவில்லை.

அப்புறம், சேருமுன், முடித்ததும் தொழிலுக்குப் பதிந்துகொள்ளும்படி படிப்புக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். 1993 சட்டப்படி, இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிந்தவர் மட்டுமே பிரிட்டனில் ஆஸ்டியோபத் என்று போட்டுக்கொள்ள முடியும். அமெரிக்காவில் டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவர்) பட்டம் பெற்றவர் மருந்து எழுதும் முழு மருத்துவர், இங்கே அப்படி இல்லை.